கீழ் வீட்டுக்கு எலி வந்த மழைக்காலம்

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், பத்திரிகை உறைகளின் மேல் விலாசமும்தான். அதனால் முன்னால் வரவேண்டியது பின்னால் வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். மறதியும் சேர்ந்துகொண்டது. முந்தாநாள் என்ன குழம்பு வைத்தேன் என்று கேட்டால் யோசிக்கிறேன். ஆனால் அந்த மழைக்காலத்து எலிகள் மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. எழுதி வைத்தால் நிற்குமோ என்று பார்க்கிறேன்.

எங்கள் வீடு செம்பாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. கீழ் வீடு நானும் என் வீட்டுக்காரரும் கட்டியது. ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. மாடி பிறகு மகன் கட்டியது. என் வீட்டுக்காரர் போய் நான்கு வருஷம் ஆகிறது. கீழே நான் மட்டும். மாடியில் மகனும் மருமகளும். மகனுக்கு ரேடியல் ரோட்டுப் பக்கம் ஆபீஸ். மருமகள் கோவிலம்பாக்கத்தில் டீச்சர். இருவரும் எட்டு மணிக்குள் கிளம்பிவிடுவார்கள். "அத்தை, ஒண்டியா எதுக்கு உங்களுக்கு ஒரு அடுப்பு? மேலயே சாப்பிடுங்களேன்" என்று மருமகள் வந்த நாளிலிருந்து கூப்பிடுகிறாள். மனதாரத்தான் கூப்பிடுகிறாள். நான்தான் ஏதாவது சொல்லித் தள்ளிக்கொண்டு வந்தேன்.

காரணத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம் அதிகம். பந்தியில் உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று சொல்ல வாய் வராது. வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் பதினோரு பேர். மாமியார் போடுவதுதான் சாப்பாடு. அவர் குறைத்துப் போட்டவரும் இல்லை, ஆனால் பசிக்கிறது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. இந்தக் கீழ் வீட்டுச் சமையலறைக்கு வந்த பிறகுதான் யாரையும் கேட்காமல் ஒரு டப்பாவைத் திறந்தேன். மூன்று மணிக்கு ஒரு வாய் டீ வேண்டுமென்றால் போட்டுக் குடிப்பேன். மத்தியானச் சோற்றில் மோர் ஊற்றி நின்றபடியே தின்னத் தோன்றினால் தின்பேன். மாடியில் சர்க்கரை எந்த டப்பாவில் என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மருமகள் முகம் சுளிக்கமாட்டாள். கேட்கிறவளுக்குத்தான் கூச்சம். சொன்னால் சின்ன விஷயம். எனக்கு அது சின்னதாக இல்லை.

என் சமையல் பதினோரு மணிக்கு முடிந்துவிடும். முதல் கைப்பிடிச் சோற்றில் கொஞ்சம் பருப்பும் ஒரு சொட்டு நெய்யும் விட்டுப் பிசைந்து, பின்பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரின் மேல் காக்கைக்கு வைப்பேன். அவருக்கு என்று வைப்பதுதான். அமாவாசை, திதி என்று பார்க்காமல் தினமும் வைத்தேன். உரக்கக் கூப்பிட வெட்கமாக இருக்கும். பின்னால் ஆட்கள் இருக்கும் இடம். 'கா கா' என்று உதட்டுக்குள் சொல்லி, வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்து சாப்பிடுவேன். சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போது சுவர் காலியாக இருக்கும். சாப்பிட்டுவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

பக்கத்து மனையில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் கிளை எங்கள் சுவர் வரைக்கும் வரும். அந்தக் கோடையில் அடுக்குமாடி கட்டுவதற்காக அதை வெட்டினார்கள். இரண்டு நாள் ரம்பம் ஓடியது. பிறகு சமையலறையில் வெளிச்சம் அதிகமாகிவிட்டது. வேறு எதையும் நான் கவனிக்கவில்லை.

ஆவணி மாதம் இருக்கும். ஒரு நாள் காலையில் பருப்பு டப்பாவின் மூடி மேல் கருஞ்சீரகம் சிந்திக் கிடந்தது. நான் கருஞ்சீரகம் வாங்கியே பல மாதம் ஆயிற்றே என்று துடைத்தேன். மறுநாளும் கிடந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தபோதுதான் எலிப் புழுக்கை என்று தெரிந்தது. பிறகு உருளைக்கிழங்கில் பல் பட்ட தடம். சோப்பில் தடம். அடுப்புத் துணியில் அரை நெல்லிக்காய் அளவுக்கு ஓட்டை. மருமகள் கீழே இறங்கி வருவதற்கு முன்பு எல்லாவற்றையும் துடைத்துக் கழுவி வைத்துவிடுவேன். என்ன இது என்று அவள் கேட்டால், அடுத்து மேலே வந்துவிடுங்கள் என்பாள் என்ற பயம்.

நானே பிடித்துவிடலாம் என்று மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு மரப்பொறி வாங்கி வந்தேன். தேங்காய்ச் சில்லை அடுப்பில் சுட்டு உள்ளே மாட்டினேன். காலையில் பார்த்தால் ஒரு சுண்டெலி, கட்டைவிரல் நீளம், மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. கொல்லக் கை வரவில்லை. பொறியை அப்படியே துணிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தேன். யார் கண்ணிலும் படக்கூடாது என்று பின்தெரு வழியாகப் போனேன். அங்கே பின் வீட்டு அம்மா மாட்டுத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். இந்த மனைகள் எல்லாம் அவர்கள் வீட்டு நிலமாக இருந்தவை. எங்கள் மனையும் அவள் மாமனார் விற்றதுதான். நிலம் போன பிறகும் மூன்று மாடுகளை விடாமல் வைத்திருந்தாள். அவள் கொட்டகையும் எங்கள் சமையலறையும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

"இன்னாக்கா, பையில? கோயிலுக்கா?" என்றாள்.

பொய் சொல்லத் தெரியாமல் நின்றேன். பைக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் வந்தது.

"அய்ய! புள்ளையார் வண்டிய புடிச்சிகினு கெளம்பிட்டியா!" என்று தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க உடப்போற? ஏரிக்கரையா? அது உனக்கு முன்னாடி வூடு வந்து சேந்துரும். திரும்பி வர்றதுக்கு ஷேர் ஆட்டோ காசும் குடுத்து அனுப்பு."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் கரை வரைக்கும் போய்த்தான் விட்டேன். அது புல்லுக்குள் ஓடவில்லை. கொஞ்ச நேரம் என் செருப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. நான்தான் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

அப்படி இரண்டோ மூன்றோ விட்டிருப்பேன். எலி குறையவில்லை. ஐப்பசி மழை பிடித்தது. ஓடுகிற சத்தம் பகலிலேயே கேட்டது. மகனுக்கும் தெரிந்துவிட்டது. பசை தடவிய அட்டை ஒன்று வாங்கி வந்து சிலிண்டருக்குப் பின்னால் வைத்தான். மறுநாள் இருவரும் வேலைக்குப் போன பிறகு ஒரு குட்டி அதில் ஒட்டிக்கொண்டது. நான்கு காலும் ஒட்டி, தலையை மட்டும் தூக்கித் தூக்கிக் கத்தியது. கேட்க முடியவில்லை. முறத்தால் வாரி வெளியே கொண்டுபோய், நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். பசை இளகியது. குட்டி எண்ணெய் வழிய வழிய, குளித்துவிட்டுப் போகிற பிள்ளை மாதிரிப் போயிற்று.

மகன் சாயங்காலம் அட்டையைத் தூக்கிப் பார்த்தான். "என்னம்மா இது? எண்ணெயா இருக்கு?"

"வெள்ளிக்கிழமைப்பா" என்றேன். அன்று புதன்கிழமை. அவனுக்கும் தெரியும். அட்டையைக் குப்பையில் போட்டான்.

தீபாவளி முடிந்து சில நாள் கழித்து அது நடந்தது. காலையில் டீ போடலாம் என்று கேஸ் ரெகுலேட்டரைத் திருப்பினேன். குப்பென்று வாடை. உடனே மூடிவிட்டேன். ஜன்னலைத் திறந்துகொண்டிருக்கும்போதே மருமகள் ஸ்கூட்டர் சாவியோடு வாசலில் வந்து நின்றாள்.

"அத்தை, என்ன வாசனை? கேஸா?"

மகனைக் கூப்பிட்டாள். அவன் குனிந்து ரப்பர் குழாயைப் பிடித்துப் பார்த்தான். நடுவில் கடித்து, உள்ளே இருக்கும் பின்னல் தெரிந்தது.

"எலி கடிச்சிருக்கு. நேத்து மூடி வெச்சிருந்ததால தப்பிச்சோம். மூட மறந்திருந்தா?"

"மறக்க மாட்டேன்பா."

"போன வாரம் மோட்டாரை மறந்தியேம்மா. ஒரு மணி நேரம் தண்ணி தெருவுல ஓடிச்சு."

அவன் கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கையைக் கழுவிக்கொண்டே சொன்னான்:

"கார்த்திகை தீபம் வரைக்கும் பாக்கலாம். எலி போச்சுன்னா சரி. இல்லன்னா இந்த அடுப்பு வேணாம்மா. சிலிண்டரை மேல கொண்டுபோயிடறேன். நீ படுக்கிறது வேணா இங்கயே படுத்துக்கோ. சாப்பாடு மேல."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. நான் அவன் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அவர்கள் போன பிறகு ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்து மூடினேன். எதற்கு என்று தெரியவில்லை. அந்த வாரத்தில் ஒரு நாள், காக்கைக்குச் சோறு வைக்கும்போது மனதுக்குள் அவரிடம் கேட்டேன். இங்கேயே இருக்கட்டுமா, மேலே போகட்டுமா? இருக்கலாம் என்றால் நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் சாப்பிடுங்கள் என்றேன். வழக்கத்தைவிட மெதுவாகச் சாப்பிட்டேன். கதவைத் திறந்தேன். ஒரு பருக்கை மிச்சமில்லை. சரி, அவர் சொல்லிவிட்டார் என்று எனக்கு அப்படி ஒரு தெம்பு.

மகன் புதுக் குழாய் மாட்டினான், இரும்புக் கம்பி உள்ளே வைத்தது. எலி மருந்து வைக்கிற ஆளையும் வரவழைத்தான். நடுத்தர வயதுக்காரர். தோளில் பை, கையில் டார்ச். பீரோவுக்கு அடியில் எல்லாம் படுத்துப் பார்த்தார். கறுப்புப் பெட்டிகளில் மருந்துக் கட்டிகளை வைத்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"அம்மா, வெளிய நாய்க்கு, பூனைக்கு ஏதாவது சாப்பாடு வெப்பீங்களா?"

"இல்லைங்க. எங்க வீட்ல நாய், பூனையே கிடையாது" என்றேன்.

பொய் சொல்லவேண்டும் என்று சொன்னது இல்லை. சுவரின் மேல் நான் வைக்கிறது அந்த நிமிஷம் எனக்கு ஞாபகமே வரவில்லை. அது வெளியே வைக்கிற சாப்பாடு என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. என் வீட்டுக்காரர் சாப்பாடு அது. வீட்டில் ஒரு ஆளுக்குப் போடுவதை யாராவது அந்தக் கணக்கில் சேர்ப்பார்களா?

மருந்துக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். கொட்டகை ஓரத்தில் சாக்குகள் அடுக்கியிருந்தன. "சார், இங்க பாருங்க. மாட்டுத் தீவனம். தவிடு, புண்ணாக்கு. இதுதான் சார் உங்க பிரச்சினை. இது இருக்கிறவரைக்கும் நான் எத்தனை கட்டி வெச்சாலும் வேஸ்ட்."

மகன் அன்று சாயங்காலமே எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினான். மாடியில் மருமகளுக்குப் படித்துக் காட்டினான். துணி எடுக்கப் போன எனக்கும் காதில் விழுந்தது. குடியிருப்புப் பகுதியில் மாடுகள், சுகாதாரக் கேடு, எலித் தொல்லை, கேஸ் குழாய் கடிபட்டது, உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்று இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் பேசப் போகிறார்களாம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. எங்களுக்குப் பால் ஊற்றுகிறவள். அவர் இறந்த அன்று முதலில் வந்து வாசலில் சாணம் தெளித்தவள். தீவனத்தை மூடி வைக்கச் சொல்லலாம், கடிதம் நின்றாலும் நின்றுவிடும் என்று புதன்கிழமை மத்தியானம் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போனேன். தயிர் உறைக்கு மோர் கேட்கிற சாக்கு.

"வாக்கா. எலிங்கல்லாம் சௌக்கியமா?" என்றாள். ஆனால் சிரிக்கவில்லை.

"அதான்... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு" என்று இழுத்தேன்.

"தெரியும். உன் புள்ள சங்கத்துக்கு எழுதிகீறாராம். செக்ரட்டரி வந்து சொல்லிட்டு பூட்டாரு. மாட்ட அப்பால இட்டுகினு போவணுமாம். எங்க இட்டுகினு போறது? உன் ஹாலாண்ட கட்டவா?"

"கோச்சிக்காதே. அந்தச் சாக்கை மட்டும் மூடி வெச்சேன்னா..."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தீவனம் எல்லாம் இரண்டு நீல டிரம்மில் இருந்தது. ஒவ்வொரு மூடிக்கு மேலும் ஒரு கருங்கல். சாக்குகளைக் காலால் தள்ளினாள். எல்லாம் காலிச் சாக்குகள்.

"சாணி வார்றதுக்கு வெச்சிகீறேன். இதுல இன்னா கீது எலி துன்றதுக்கு?"

"அப்போ எங்கேர்ந்துதான் வருது?" என்று கேட்டேன்.

அவள் மாட்டின் முதுகில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்து எடுத்துப் போட்டாள்.

"தெரிஞ்சா சொல்லேன்."

"சொன்னா உன் மனசு கஷ்டப்படும்கா."

"பரவால்ல, சொல்லு."

"மரத்த வெட்டுனதுலருந்து இங்க காக்கா எங்கக்கா வருது? நீ வெக்கிற சோத்த எலிதான் துன்னுது. நீ கதவ சாத்துவ, அது பைப்புல ஏறும். நான் தெனம் பாத்துகினுதான் கீறேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன். "ஏன் சொல்லல? இவ்வளவு நாளா?"

"அண்ணனுக்குன்னு வெக்கிற. அத்த எலி துன்னுதுன்னு நான் எந்த வாயால சொல்றது? மாட்டு மேல பழி வந்தா வந்துட்டு போவுதுன்னு கம்னு இருந்தேன். அதுங்களுக்கு இன்னா, ரோஷமா கீது?"

மோர் வாங்காமலேயே வந்துவிட்டேன். டம்ளரையும் அங்கேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் எப்போதும் போலச் சோறு வைத்தேன். கதவைச் சாத்தினேன். சாப்பிட உட்காராமல் ஜன்னல் இடுக்கில் நின்று பார்த்தேன். ஒரு அணில் வந்து இரண்டு பருக்கை எடுத்தது. அது போனதும், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற குழாய் இருக்கிறதே, அது வீட்டுச் சுவரில் நுழைகிற ஓட்டையிலிருந்து ஒரு எலி தலையை நீட்டியது. பயமே இல்லை. ஆபீசுக்குப் போகிறவர் மாதிரி நேராகக் குழாயின் மேல் நடந்து காம்பவுண்டுச் சுவரில் ஏறியது. பின்னாலேயே இன்னொன்று. இரண்டும் எதிரெதிராக உட்கார்ந்து, முன்னங்காலில் பிடித்துச் சாப்பிட்டன. சாப்பிட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே என் வீட்டுக்குள் போயின.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை மாதம் அவர் சாப்பிட்டார் என்று நான் தெம்பாக இருந்த ஒவ்வொரு நாளும் இதுகள்தான் சாப்பிட்டிருக்கின்றன. இங்கேயே இரு என்று எனக்குச் சொன்னதும் இதுகள்தான். நெய் விட்டுப் பிசைந்து வீட்டுக்குள் கூப்பிட்டது நான். கேஸ் குழாயைக் கடிக்க வைத்ததும் நான். பழி மட்டும் பின் வீட்டு மாடுகளுக்கு.

ஒரு பக்கம் மனது இப்படிச் சொன்னது. நாளையிலிருந்து வைக்காமல் இருந்துவிடு. எலி தானே போகும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அடுப்பு உன்னோடது. இன்னொரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை கூட்டம். சொன்னால் மகன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். எலியை நீதான் வளர்த்திருக்கிறாய், உன்னைத் தனியாக விடவே கூடாது என்பான். அதிலும் தப்பிருக்காது. தீபம் வரைக்கும்கூடக் காத்திருக்கமாட்டான், சிலிண்டர் அன்றைக்கே மேலே போய்விடும்.

அடுத்த இரண்டு நாளும் சோற்றைப் பிசைந்து கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கமே நின்றேன். வெளியே வைக்கவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை. கடைசியில் அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மாடிக்கு ஏறிப் போனேன். மருமகள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மகன் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். உட்கார் என்றார்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"மாட்டால வரல எலி. என்னாலதான்" என்று ஆரம்பித்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவரிடம் கேள்வி கேட்டதை மட்டும் சொல்லவில்லை.

மகன் போனைக் கீழே வைத்தான். "அந்த ஆள் கேட்டாரேம்மா, வெளிய சாப்பாடு வெக்கிறீங்களான்னு?"

"அவர் நாய்க்கு, பூனைக்குன்னுதானேப்பா கேட்டார்?"

மருமகள் சட்டென்று தாளால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவளைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மகன் சிரிக்கவில்லை.

"தினமுமா வெக்கிற?" என்றான்.

"தினமும்தான்."

"நாலு வருஷமாவா?"

"ஆமாம்."

"அமாவாசைக்கு மட்டும்னுல்ல நினைச்சேன்" என்றான். அவன் எட்டு மணிக்குப் போகிறவன். பதினோரு மணிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நானும் சொன்னதில்லை. பிறகு அவனாகவே, "அப்பாவுக்கு எலின்னாலே ஆகாது. கட்டில்மேல ஏறி நிப்பார்" என்றான். அப்போதுதான் சிரித்தான். கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

மருமகள்தான் வழி சொன்னாள். "அத்தை, நிறுத்தாதீங்க. மொட்டை மாடியில வைங்க. அங்க வெட்டவெளி, காக்கா பாக்கும். ஆனா வந்து சாப்பிடற வரைக்கும் நின்னு, மிச்சத்தை எடுத்துட்டு வந்துடணும். முடியுமா?" முடியும் என்றேன். அடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் கடிதத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு, பின் வீட்டுக்கும் தானே போய்விட்டு வந்தான். அவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வரும்போது கையில் என் டம்ளர் இருந்தது, அது நிறைய மோர். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைக் குழாய் ஓட்டையில் திணித்து, மேலே சிமென்ட் பூசினான். ஆபீஸ் வேலை செய்கிறவன், பூச்சு மேடும் பள்ளமுமாகத்தான் வந்தது. அலமாரிக்குப் பின்னால் இன்னொரு ஓட்டையும் இருந்தது. அதையும் அடைத்தான்.

அன்றிலிருந்து நான் ஒன்று செய்தேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் அடுப்பு மேடைக்குக் கீழேயும் கதவு ஓரத்திலும் கோலமாவை மெல்லிசாகத் தூவி வைப்பேன். காலையில் கால் தடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். முதல் நாள் நிறையத் தடம். உள்ளே மாட்டிக்கொண்டவை. மருந்துப் பெட்டிகளில் கட்டி குறைந்தது. பொறியிலும் ஒன்று விழுந்தது. அதை ஏரிக்கரைக்குக் கொண்டுபோகாமல் மகனிடம் கொடுத்துவிட்டேன். என்ன செய்தான் என்று கேட்கவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்தல்தான். ஒரு வாரம் கழித்து ஒற்றைத் தடம். பிறகு மாவு போட்டது போட்டபடியே இருந்தது.

மத்தியானம் மொட்டை மாடியில் சோற்றோடு நின்றேன். உதட்டுக்குள் சொன்னால் எந்தக் காக்கை வரும்? முதல் நாள் அரை மணி நேரம் நின்று, சோற்றோடு திரும்பினேன். இரண்டாம் நாள் வாய்விட்டுக் கூப்பிட்டேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. கீழே கொட்டகையிலிருந்து, "அப்டிதாங்கா! இன்னும் கொஞ்சம் சவுண்டு!" என்று கேட்டது. நான்காம் நாள் ஒரு காக்கை தண்ணீர்த் தொட்டி மேல் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துச் சாய்த்து என்னைப் பார்த்தது. நான் இரண்டடி பின்னால் போன பிறகுதான் இறங்கியது. அவர் வந்தார் என்று சொல்லமாட்டேன். அந்தத் தைரியம் எனக்குப் போய்விட்டது. ஒரு காக்கை வந்தது, சாப்பிட்டது. அதைக் கண்ணால் பார்த்தேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கார்த்திகை தீபம் வந்தது. தரையை இரண்டு தடவை துடைத்தேன். பொரி உருண்டை பிடித்தேன். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு மகன் கீழே வந்தான். டார்ச் அடித்துப் பார்ப்பான், மூலையெல்லாம் தடவுவான் என்று நினைத்தேன். அவன் எதையும் பார்க்கவில்லை. சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு பொரி உருண்டை தின்றான். மூன்றாவதை எடுத்துக்கொண்டு எழுந்தவன், "கேஸ் புக் பண்ணியிருக்கேன்மா. நாளைக்கோ நாளன்னிக்கோ வரும். கீழயே இறக்கி வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

அப்புறம் நான் அடுப்பைப் பற்ற வைத்து ஒரு டீ போட்டுக் குடித்தேன். அந்த நேரத்தில் நான் டீ குடிப்பதே கிடையாது.

இதை மருமகள்தான் முதலில் படிப்பாள். அம்மாடி, நீ தாள் திருத்துகிறவள், எழுத்துப் பிழையைத் திருத்திவிடு. ஆனால் அதைவிட முக்கியமாக, பின் வீட்டு அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும். அவளுக்கு எழுத்து தெரியாது. மரத்தை வெட்டியது சித்திரையா வைகாசியா, அவள் சொன்ன வார்த்தைகள் நான் எழுதியபடிதானா, டிரம் நீலமா பச்சையா என்று அவளிடம் கேட்டுச் சரிபார். கடித விஷயம் எழுத்தில் வர வேண்டாம் என்று அவள் சொன்னால் அந்தப் பக்கத்தை அடித்துவிடு. அவள் சொல்வதும் நான் எழுதியதும் வேறாக இருந்தால், அவள் சொல்வதையே போடு.